ஒரே நிறம், வேறு சரக்கு: சொக்லேட் வாங்கி விற்போர் அறிந்திருக்க வேண்டியவை

கேக் சாமான்கள் விற்கும் மொத்தக் கடைகளில் இரண்டு விதமான சொக்லேட் கட்டிகளை அருகருகே அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம். இரண்டும் ஒரே கபில நிறம், ஒரே அளவு. ஆனால் விலையில் பெரிய வித்தியாசம். மலிவானதை வாங்கும் சில்லறை வியாபாரி தனக்கு நல்ல பேரம் கிடைத்ததாக நினைக்கின்றார். விலை கூடியதை வாங்குபவரோ தான் ஏமாற்றப்பட்டதாக நினைக்கின்றார். உண்மையில் இவை இரண்டும் ஒரே பண்டத்தின் இரண்டு தரங்கள் அல்ல. இரண்டு வேறு பண்டங்கள்.

ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, ஆமர் வீதி, புறக்கோட்டைப் பகுதிகளில் இனிப்புப் பண்டங்கள், பேக்கரிச் சாமான்கள், பெருநாள் அன்பளிப்புப் பொதிகள் ஆகியவற்றை வியாபாரம் செய்யும் எமது சகோதரர்கள் ஏராளம். வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கும் பெண்கள் பலரும் இந்தக் கடைகளையே நம்பியிருக்கின்றனர். வாங்கும் சரக்கு எது என்பதைக் கடைக்காரர் அறியாவிட்டால் நட்டம் முதலில் அவருக்கு, அடுத்து அவரை நம்பி வாங்கியவருக்கு. ஆகவே சொக்லேட்டின் வகைகளையும் அவற்றிற்கிடையிலான வேறுபாடுகளையும் வியாபாரக் கண்ணோட்டத்தில் இவ்வாரம் பார்ப்போம்.

கொக்கோ விதையிலிருந்து சொக்லேட் வரை

சொக்லேட்டின் மூலப்பொருள் கொக்கோ விதை. எமது நாட்டுக்கும் இது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோப்பிச் செய்கை நோயினால் அழிந்த பின்னர், மாத்தளை, கண்டிப் பகுதிகளில் கொக்கோச் செய்கை பரவியது. இன்றும் மாத்தளை, கண்டி, குருநாகல் மாவட்டங்களில் மிளகு, தென்னையுடன் ஊடுபயிராக இது செய்கை பண்ணப்படுகின்றது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இப்பயிருக்குப் பொறுப்பாக உள்ளது. ஆயினும் உள்ளூர்த் தொழிற்சாலைகளின் தேவைக்கு இந்த விளைச்சல் போதாது.

பழத்திலிருந்து எடுக்கப்படும் விதைகளை ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை புளிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, வறுத்து, தோலை நீக்கி அரைப்பார்கள். விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு என்பதால் அரைக்கும்போது மாவாகாமல் கெட்டியான குழம்பாக வரும். இதுவே கொக்கோக் குழம்பு. இதனை இயந்திரத்தில் இட்டு அழுத்தினால் வடியும் மஞ்சள் நிறக் கொழுப்பே கொக்கோ பட்டர். எஞ்சும் சக்கையைத் தூளாக்கினால் கொக்கோத் தூள். இந்த அழுத்தும் முறைக்கு நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தினர் 1828இல் காப்புரிமை பெற்றனர்.

1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃப்ரை கம்பனி, கொக்கோக் குழம்புடன் சீனியும் மேலதிகக் கொக்கோ பட்டரும் சேர்த்து, கடித்துச் சாப்பிடக்கூடிய கட்டியை உருவாக்கியது. அதுவரை சொக்லேட் என்றால் பெரும்பாலும் குடிக்கும் பானமே. 1875இல் சுவிட்சர்லாந்தின் டானியல் பீட்டர் அதனுடன் பாலைச் சேர்த்துப் பால் சொக்லேட்டைச் செய்தார். இன்று நாம் விற்பவை எல்லாம் இந்த நான்கு பொருட்களின் கூட்டல் கழித்தலே: கொக்கோத் திண்மம், கொக்கோ பட்டர், சீனி, பால்மா. இவற்றுள் விலை கூடியது கொக்கோ பட்டர். எந்த இடத்தில் அது எடுக்கப்பட்டு வேறு எண்ணெய் வைக்கப்படுகின்றதோ, அந்த இடத்தில்தான் விலையும் பெயரும் மாறுகின்றன.

எதனைச் சொக்லேட் எனலாம்?

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் இணைந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணைக்குழு, சொக்லேட்டுக்கென 1981இல் ஒரு சர்வதேசத் தரநிர்ணயத்தை வெளியிட்டது. பின்னர் அது திருத்தப்பட்டது. வியாபாரிகள் மனதில் பதிக்க வேண்டிய அளவுகள் இவை:

கறுப்புச் சொக்லேட்: மொத்தக் கொக்கோ 35 வீதத்துக்குக் குறையக்கூடாது. அதில் கொக்கோ பட்டர் குறைந்தது 18 வீதம் இருக்க வேண்டும். எஞ்சியதில் பெரும்பகுதி சீனி.

பால் சொக்லேட்: கொக்கோ குறைந்தது 25 வீதம். பால் திண்மம் குறைந்தது 12 முதல் 14 வீதம் வரை.

வெள்ளைச் சொக்லேட்: இதில் கபில நிறக் கொக்கோத் திண்மம் கிடையாது. கொக்கோ பட்டர் குறைந்தது 20 வீதமும் பால் திண்மம் 14 வீதமும் இருக்க வேண்டும். வெள்ளைக் கட்டி ஒன்றில் கொக்கோ பட்டரே இல்லாவிட்டால் அது சீனியும் எண்ணெயும் பால்மாவும் கலந்த இனிப்பு மாத்திரமே.

கூவர்ச்சர்: கேக், இனிப்புத் தயாரிப்பாளர்கள் மேற்பூச்சுக்குப் பாவிக்கும் உயர்தரச் சொக்லேட். கறுப்பு வகையில் கொக்கோ பட்டர் மாத்திரம் 31 வீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதனால்தான் உருக்கினால் தண்ணீர் போல ஓடுகின்றது, மெல்லிய படையாகப் பூச முடிகின்றது. விலை கூடுவதன் காரணமும் அதுவே.

பூரணம் நிரப்பியவை: உள்ளே பிஸ்தாப் பசையோ கிறீமோ வைத்தாலும், வெளியே உள்ள சொக்லேட் மொத்த நிறையில் குறைந்தது 25 வீதமாக இருக்க வேண்டும்.

2017இல் பெரி கலபோ என்ற கம்பனி ரூபி எனும் இளஞ்சிவப்பு நிறச் சொக்லேட்டை அறிமுகம் செய்தது. ஆனால் கடைகளில் காணப்படும் எல்லா இளஞ்சிவப்புக் கட்டிகளும் ரூபி அல்ல. அவற்றுள் பல சாயம் சேர்த்த கொம்பவுண்ட்.

பெக்கெட்டில் 70 வீதம் என்று அச்சிட்டிருந்தால் அது கொக்கோத் திண்மமும் கொக்கோ பட்டரும் சேர்ந்த அளவு. ஆகவே 70 வீதம் என்று போட்ட இரண்டு சொக்லேட்டுகள் கசப்பில் வேறுபடலாம். ஒன்றில் பட்டர் கூடவும் மற்றதில் திண்மம் கூடவும் இருக்கக்கூடும். வாடிக்கையாளர் கேட்டால் இதனை விளக்கிச் சொல்ல முடிந்தால் உங்கள் கடையின் மீது அவருக்கு மதிப்புப் பிறக்கும்.

கொக்கோ பட்டர் அல்லாத வேறு தாவரக் கொழுப்பைச் சேர்க்கலாமா என்பதில் ஐரோப்பிய நாடுகள் பல ஆண்டுகள் சண்டையிட்டன. பிரித்தானியா சேர்க்கலாம் என்றது, பிரான்சும் பெல்ஜியமும் கூடாது என்றன. இறுதியில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், குறிப்பிட்ட ஆறு வகைத் தாவரக் கொழுப்புகளை மாத்திரம், 5 வீதத்துக்கு மேற்படாமல், லேபலில் அறிவித்துச் சேர்க்கலாம் என முடிவாயிற்று. கோடெக்ஸும் 5 வீதத்தையே எல்லையாக வைத்துள்ளது. அமெரிக்காவிலோ சொக்லேட் என்ற பெயரில் விற்கும் பண்டத்தில் வேறு தாவரக் கொழுப்புக்கு இடமில்லை, ஆனால் பால் சொக்லேட்டில் கொக்கோக் குழம்பு 10 வீதம் இருந்தாலே போதும். இப்படிச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால், ஒரே பெயரும் ஒரே உறையும் கொண்ட சொக்லேட் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து உள்ளடக்கமும் சுவையும் மாறலாம். டுபாயிலிருந்து வந்தது, இந்தியாவிலிருந்து வந்தது என வாடிக்கையாளர் பிரித்துக் கேட்பது வீண் பகட்டு அல்ல.

கொம்பவுண்ட் என்றால் என்ன?

கொக்கோ பட்டரை முற்றாகவோ பெரும்பாலுமோ நீக்கிவிட்டு, அதன் இடத்தில் பாம் விதை எண்ணெய் போன்ற கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பை இட்டு, நிறத்துக்கும் சுவைக்கும் கொக்கோத் தூள் சேர்த்துச் செய்யப்படுவதே கொம்பவுண்ட். பேக்கரிகளில் பிஸ்கட், கேக், டோனட் ஆகியவற்றின் மேற்பூச்சுக்குப் பெரும்பாலும் இதுவே பாவிக்கப்படுகின்றது.

இது கலப்படமோ நஞ்சோ அல்ல. சட்டபூர்வமான உணவு. எமது நாட்டின் வெப்பத்துக்கு இதில் சில அனுகூலங்களும் உண்டு. கொக்கோ பட்டர் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். பகல் வேளையில் கொழும்பின் வெப்பநிலையே 30 பாகையைத் தாண்டுகின்றது, தகரக் கூரைக் களஞ்சியத்துக்குள் சொல்லத் தேவையில்லை. கொம்பவுண்ட்டின் கொழுப்பை அதைவிடக் கூடிய வெப்பத்தைத் தாங்கும்படி தயாரிக்க முடியும். உருக்கி ஊற்றினால் போதும், விசேட பக்குவம் தேவையில்லை. விலையும் குறைவு.

பிரதிகூலம் சுவையில் உள்ளது. கொக்கோ பட்டர் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே உருகுவதால் வாயில் வைத்ததும் கரைகின்றது. கெட்டிக் கொழுப்பு முழுவதும் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். பாம் விதை எண்ணெய் சேர்ந்த சரக்கை ஈரப்பதத்தில் நீண்ட நாள் வைத்திருந்தால் சவர்க்காரம் போன்ற ஒரு வாடையும் வரக்கூடும்.

ஆகவே குற்றம் கொம்பவுண்ட்டை விற்பதில் இல்லை. கொம்பவுண்ட்டைச் சொக்லேட் என்று சொல்லி, சொக்லேட்டின் விலைக்கு விற்பதில்தான் குற்றம்.

பெரிய கம்பனிகள் கூட இந்த எல்லையைத் தாண்ட முடியாது. பிரித்தானியாவில் பல தலைமுறைகளாக விற்பனையாகும் பென்குயின், கிளப் எனும் பிஸ்கட் வகைகளில் கொக்கோவின் அளவு குறைக்கப்பட்டதால், 2025இல் அவற்றைச் சொக்லேட் பிஸ்கட் என்று அழைக்க முடியாமற் போனது. இப்போது சொக்லேட் சுவை கொண்டவை என்றே குறிப்பிடப்படுகின்றன.

விலை ஏறியது ஏன்?

உலகின் கொக்கோ விளைச்சலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளிலிருந்தே வருகின்றது. அங்கு காலநிலைக் கோளாறும், மரங்களைத் தாக்கும் வைரஸ், பூஞ்சண நோய்களும் சேர்ந்து விளைச்சலை வீழ்த்தின. பல ஆண்டுகளாக ஒரு தொன் 2,000 – 3,000 டொலர் அளவில் இருந்த கொக்கோ, 2024 ஏப்ரலில் நியூயோர்க் சந்தையில் 11,000 டொலரையும், அதே ஆண்டு டிசம்பரில் 12,000 டொலரையும் தாண்டியது. 2025இல் விலை இறங்கத் தொடங்கியது.

எமது நாட்டுக்கு இத்துடன் வேறு பிரச்சினைகளும் இருந்தன. பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஆகஸ்டில் 300 வகைப் பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது, அதில் சொக்லேட்டும் இருந்தது. 2023இல் இக்கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. அக்காலத்தில் சந்தையைத் தாங்கியவை கண்டோஸ், ரிட்ஸ்பரி, எட்னா போன்ற உள்ளூர் உற்பத்திகளே. கண்டிக்கு அருகில் குண்டசாலையில் தயாராகும் கண்டோஸ், 1983இல் விமானத்துடன் காணாமற்போன தொழிலதிபர் உபாலி விஜேவர்தனவின் குழுமத்தைச் சேர்ந்தது என்பதைப் பழைய வியாபாரிகள் அறிவர்.

மூலப்பொருளின் விலை ஏறும்போது உற்பத்தியாளர் முன் மூன்று வழிகள் உண்டு. விலையைக் கூட்டலாம், நிறையைக் குறைக்கலாம், கொக்கோவைக் குறைத்து எண்ணெயைக் கூட்டலாம். முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் பெக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவர் மாத்திரமே அறிவார். உறை பழையதாகவே இருக்கும், 100 கிராம் 90 ஆகியிருக்கும், பின்பக்கத்தில் ஒரு சொல் புதிதாகச் சேர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு புதிய தொகுதி வரும்போதும் நிறையையும் உள்ளடக்கத்தையும் மறுபடி பார்ப்பது அவசியம். இரண்டு சரக்குகளை ஒப்பிடும்போது பெக்கெட்டின் விலையை அல்ல, 100 கிராமுக்கான விலையை ஒப்பிடுங்கள்.

லேபலை வாசிப்பது எப்படி?

உள்ளடக்கப் பட்டியலில் கூடிய அளவில் உள்ள பொருள் முதலிலும் குறைந்த அளவில் உள்ளது கடைசியிலும் எழுதப்படும். இந்த ஒரு விதி தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கொக்கோ மாஸ், கொக்கோ பட்டர் ஆகிய சொற்கள் பட்டியலின் முன்பகுதியில் இருந்தால் அது சொக்லேட். சீனிக்கு அடுத்ததாக வெஜிடபிள் ஃபெட், பாம் கேர்னல் ஒயில், கொக்கோ பட்டர் சப்ஸ்டிடியூட் போன்ற சொற்கள் இருந்து, பின்னால் கொக்கோ பவுடர் என வந்தால் அது கொம்பவுண்ட். கொக்கோ பட்டர் சப்ஸ்டிடியூட் என்பது கொக்கோ பட்டர் அல்ல, அதற்குப் பதிலாகச் சேர்க்கும் கொழுப்பு. பலர் முதல் இரண்டு சொற்களை மாத்திரம் வாசித்து ஏமாறுகின்றனர்.

பெக்கெட்டின் முன்பக்கத்தையும் கவனியுங்கள். சொக்கோ, சொக்கி, சொக்லேட் ஃபிளேவர், சொக்லேட் கோட்டிங் என்றெல்லாம் எழுதியிருந்தால், சொக்லேட் என்று நேராக எழுத முடியாத காரணம் ஒன்று இருக்கலாம்.

கையாலும் ஓரளவு சோதிக்கலாம். சிறு துண்டை விரல்களுக்கிடையில் அரை நிமிடம் பிடித்தால் சொக்லேட் உருகிப் பிசுபிசுக்கும். வெப்பம் தாங்கும் கொம்பவுண்ட் அவ்வளவு இலகுவில் உருகாது. நல்ல கறுப்புச் சொக்லேட்டை உடைத்தால் டக் என்ற ஓசையுடன் உடையும். பால் சொக்லேட் இதைவிட மென்மையானது என்பதால் ஓசையை மாத்திரம் வைத்து முடிவு செய்யக் கூடாது. இவை கைப் பழக்கத்துக்கான வழிகள். இறுதித் தீர்ப்பு லேபலில்தான்.

வெள்ளைப் படை பூஞ்சணமா?

கடைக்குத் திருப்பிக் கொண்டுவரப்படும் சொக்லேட்டுகளில் பெரும்பாலானவற்றின் மீது ஒரு வெண் படை காணப்படும். வாடிக்கையாளர் அதனைப் பூஞ்சணம் என்பார். பெரும்பாலும் அது பூஞ்சணம் அல்ல. இரண்டு காரணங்களால் அது உண்டாகின்றது.

முதலாவது கொழுப்புப் படை. கொக்கோ பட்டர் உறையும்போது ஆறு விதமான பளிங்கு வடிவங்களில் உறையக் கூடியது. அவற்றுள் ஒரு வடிவம் மாத்திரமே பளபளப்பையும் உடையும் தன்மையையும் தருகின்றது. அந்த வடிவத்தைப் பெறுவதற்காகத்தான் தொழிற்சாலையில் சொக்லேட்டை 45 பாகைக்கு மேல் உருக்கி, 27 பாகை அளவுக்கு இறக்கி, மீண்டும் 31 பாகையளவுக்கு ஏற்றிப் பக்குவப்படுத்துகின்றார்கள். பால் சொக்லேட்டுக்கு இதைவிட ஒன்றிரண்டு பாகை குறைவு. வெயிலில் நின்ற லொறியில் உருகி, இரவில் தானாக உறைந்த சொக்லேட்டில் அந்தப் பக்குவம் கலைந்துவிடும். கொழுப்பு மேலே வந்து வெண்மையாகப் படியும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அத்தகைய நாட்களில் குளிரூட்டியில் வைத்த சொக்லேட்டுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது சீனிப் படை. குளிரூட்டியிலிருந்து திடீரென வெளியே எடுத்த சொக்லேட்டின் மீது காற்றின் ஈரம் நீராகப் படிகின்றது. அந்த நீர் சீனியைக் கரைக்கின்றது. நீர் காய்ந்ததும் சீனி சொரசொரப்பான படையாக நிற்கின்றது.

இரண்டும் உடலுக்குக் கேடானவை அல்ல. ஆனால் வாடிக்கையாளர் வாங்க மாட்டார். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 200 ரூபா வீதம் 100 சொக்லேட் வாங்கி 230 ரூபாவுக்கு விற்றால் இலாபம் 3,000 ரூபா. அதில் 13 சொக்லேட் வெளுத்துப்போய் விற்க முடியாவிட்டால், மீதி 87ஐ விற்றுக் கிடைப்பது 20,010 ரூபா. முதல் 20,000 போக மிஞ்சுவது பத்து ரூபா. பதினான்காவதும் கெட்டால் கைநட்டம். சொக்லேட் வியாபாரத்தில் இலாபம் களஞ்சியத்தில் தீர்மானிக்கப்படுகின்றது என்று சொல்வது இதனால்தான்.

15 முதல் 18 பாகை வரையிலான வெப்பமும் குறைந்த ஈரப்பதமுமே சொக்லேட்டுக்கு உகந்தவை. ஏசி அறை இல்லாதவர்கள் ஒரே தடவையில் பெருந்தொகை வாங்காமல் வாரா வாரம் வாங்குவது நல்லது. குளிரூட்டியில் வைப்பதாயின் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்த பின், பெட்டியை உடனே திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள். கொழுப்பு வாசனையை உறிஞ்சும் தன்மையுடையது. சவர்க்காரம், சாம்பிராணி, மசாலா, கருவாடு ஆகியவற்றுக்கு அருகில் வைத்த சொக்லேட்டை உறை பிரித்தவுடனேயே வாடை காட்டிக் கொடுத்துவிடும்.

களஞ்சியத்தில் ஏற்படும் கவனக்குறைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒரு சம்பவம் சான்று. 2003 ஒக்டோபரில் மகாராஷ்டிரா மாநிலத்தில் கட்பரி சொக்லேட்டுகளில் புழுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கடைகளில் முறையாகச் சேமிக்காததே காரணம் என்று கம்பனி கூறியது. பெரும் விற்பனை வீழ்ச்சிக்குப் பின்னர், அடுத்த ஆண்டு உறையையே மாற்றி, வியாபாரிகளுக்குச் சேமிக்கும் முறையைக் கற்பித்து மீண்டும் நம்பிக்கையைப் பெற வேண்டியதாயிற்று. பெரிய கம்பனியால் அவ்வாறு மீண்டெழ முடிந்தது. ஒரு சிறு கடையின் பெயர் கெட்டால் மீட்பது கடினம்.

கேக் செய்வோருக்கு விற்கும்போது

வீட்டில் கேக் செய்யும் சகோதரி ஒருவர் கடைக்கு வந்து சும்மா 'குக்கிங் சொக்லேட்' என்று கேட்பார். எதற்கு என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. மேலே ஊற்றுவதற்கும் அச்சில் வார்ப்பதற்கும், பக்குவப்படுத்தும் முறை தெரியாதவருக்கு கொம்பவுண்ட் இலகு. கனாஷ், மூஸ் போன்ற சுவை முக்கியமானவற்றுக்குச் சொக்லேட் வேண்டும்.

இரண்டையும் கலந்து உருக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கொக்கோ பட்டரும் பாம் விதைக் கொழுப்பும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கலந்தால் கட்டி சரியாக இறுகாமல் மென்மையாகும், சில நாட்களில் வெளுக்கும். செலவைக் குறைக்கலாம் என்று கலந்தவர், கலியாண வீட்டு ஓடர் ஒன்றை முழுமையாக இழக்க நேரிடலாம். கொக்கோத் தூளிலும் இரண்டு வகை உண்டு. இயற்கைத் தூள் புளிப்புத் தன்மையுள்ளது, அப்பச் சோடாவுடன் சேர்ந்து கேக்கைப் பொங்கச் செய்யும். காரம் சேர்த்த டச்சுத் தூள் கடும் நிறமுள்ளது, அதற்கு பேக்கிங் பவுடர் வேண்டும்.

ஹலால் விடயத்தில் கவனம்

சாதாரணச் சொக்லேட்டின் மூலப்பொருட்களில் ஹலாலுக்கு மாறானது எதுவுமில்லை. சந்தேகம் எழுவது சேர்மானங்களில்தான். சில ஐரோப்பியச் சொக்லேட்டுகளின் உள்ளே ரம், பிராண்டி போன்ற மதுவகைகள் ஊற்றப்பட்டிருக்கும். அன்பளிப்புப் பெட்டிகளில் பல வகைகள் கலந்து வருவதால் இது கண்ணில் படாமல் போகலாம். மார்ஷ்மெலோ போன்ற பூரணங்களில் ஜெலட்டின் இருக்கலாம். ஈ471 எனும் சேர்மானம் தாவரத்திலிருந்தும் மிருகக் கொழுப்பிலிருந்தும் தயாரிக்கப்படலாம். ஈ120 என்பது ஒருவகைப் பூச்சியிலிருந்து பெறப்படும் சிவப்புச் சாயம். ஈ322 எனும் லெசித்தின் பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. இலக்கத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். விநியோகஸ்தரிடம் எழுத்து மூலம் விபரம் கேளுங்கள்.

2014 மே மாதம் மலேசியாவில் இரண்டு கட்பரி வகைகளில் பன்றியின் மரபணுத் தடயம் இருப்பதாகச் சுகாதார அமைச்சின் சோதனையில் தெரியவந்து பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. சில நாட்களின் பின் அந்நாட்டின் இஸ்லாமிய அபிவிருத்தித் திணைக்களமான ஜாகிம், தொழிற்சாலையில் பெற்ற மாதிரிகளில் அப்படி எதுவுமில்லை என அறிவித்தது. இதிலுள்ள பாடம் இரண்டு. உறுதிப்படுத்தாமல் ஒரு செய்தியைப் பரப்பக் கூடாது. உறுதிப்படுத்துவதற்கு ஆவணம் கையில் இருக்க வேண்டும். எமது நாட்டில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கி வந்த ஹலால் சான்றிதழ்ப் பணி 2013 உடன் நிறைவடைந்து, 2014 முதல் ஹலால் தரச்சான்றுப் பேரவை அதனை மேற்கொள்கின்றது. வெளிநாட்டுச் சரக்கில் ஹலால் என்ற சொல் மாத்திரம் இருந்தால் போதாது, சான்று வழங்கிய அமைப்பின் பெயரையும் பாருங்கள்.

இறக்குமதியும் சட்டமும்

சுங்கத்தின் எச்.எஸ். குறியீட்டில் கொக்கோ சேர்ந்த சொக்லேட் வகைகள் 1806 என்ற தலைப்பில் அடங்கும். கொம்பவுண்ட்டிலும் கொக்கோத் தூள் இருப்பதால் அதுவும் இதற்குள்தான். ஆனால் வெள்ளைச் சொக்லேட், கொக்கோ அற்ற சீனி இனிப்புகளுடன் 1704 என்ற தலைப்பில் வைக்கப்பட்டுள்ளது. 2 கிலோவுக்கு மேற்பட்ட கட்டிகளுக்கும் பூரணம் உள்ள, பூரணம் அற்ற சிறு கட்டிகளுக்கும் தனித்தனி உபதலைப்புகள் உள்ளன. முந்திரி, பாதாம் உள்ளே பரவலாகக் கலந்திருந்தால் அது பூரணம் நிரப்பியதாகக் கொள்ளப்படுவதில்லை. ஒரே கொள்கலனில் பலவகை கொண்டுவருவோர் இன்வொய்ஸில் வகைகளைப் பிரித்து எழுதச் செய்யாவிட்டால் துறைமுகத்தில் தாமதமும் தாமதக் கட்டணமும் வரலாம். வரி வீதங்கள் அடிக்கடி மாறுவதால் ஓடர் கொடுக்கும் முன் சுங்க முகவரிடம் அன்றைய நிலையைக் கேட்டறிவது நல்லது.

2021இல் டுபாயில் ஆரம்பித்த ஃபிக்ஸ் எனும் சிறு கம்பனியின் பிஸ்தா, குனாஃபாச் சொக்லேட் 2023 டிசம்பரில் ஒரு வீடியோவினால் உலகப் புகழ் பெற்றது. இன்று 'டுபாய் சொக்லேட்' என்ற பெயரில் எத்தனையோ நாடுகளின் சரக்குகள் சந்தையில் உள்ளன. அவற்றுள் வெளிப்பூச்சு கொம்பவுண்ட்டாகவும் உள்ளே பிஸ்தாவுக்குப் பதிலாகப் பச்சை நிறக் கிறீமாகவும் உள்ளவையும் உண்டு. பெயருக்காக விலை கொடுக்காமல் பட்டியலில் பிஸ்தா எத்தனை வீதம் என்று பார்த்து வாங்குங்கள்.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும், பொருளின் தன்மை பற்றி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கின்றன. கட்டியை வெட்டிச் சிறு பொதிகளாக்கி விற்போர் இதில் விசேட கவனம் செலுத்த வேண்டும். மூலப் பெட்டியில் கொம்பவுண்ட் என்று இருந்ததை, சிறு பொதியில் சொக்லேட் என்று எழுதினால் பொறுப்பு உற்பத்தியாளருடையதல்ல, உங்களுடையது. பொருளின் சரியான பெயர், நிறை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியன மூலப் பெட்டியில் உள்ளவாறே சிறு பொதியிலும் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து கைப்பெட்டிகளில் வரும், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லாத சரக்கு மலிவாகக் கிடைத்தாலும், பரிசோதகர் வரும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரரே. நுகர்வோர் முறைப்பாடு செய்ய 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருப்பதை மறக்க வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்வதானால், கடையில் இரண்டு தட்டுகளை வையுங்கள். ஒன்றில் சொக்லேட், மற்றதில் கொம்பவுண்ட். ஒவ்வொன்றின் மேலும் மூன்று மொழிகளிலும் பெயரை எழுதுங்கள். விலையை அதற்கேற்ப வையுங்கள். வாங்க வருபவரிடம் எதற்கு என்று கேட்டு, பொருத்தமானதைக் கொடுங்கள். மலிவானதை மலிவாக விற்பதற்கும் இலாபம் உண்டு, உயர்ந்ததை உயர்ந்த விலைக்கு விற்பதற்கும் இலாபம் உண்டு. ஒன்றை மற்றொன்றின் பெயரில் விற்றுப் பெறுவது ஒரு தடவை இலாபம் மாத்திரமே. நிறுவையில் குறை வைக்காத வியாபாரி பெயரிலும் குறை வைக்காதிருப்பதே முறை.